உடனொளிர் துருவியா, ஒளியொற்றியா?

நண்பர்களுக்கு வணக்கம். முதுகலை வேதியியல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புற்றுச்செல்லுக்குள் புகுந்து, ஒளி பட்டதும் தானும் ஒளிர்ந்து இடத்தைக் காட்டும் மூலக்கூறு ஒன்றுக்கு அதில் தமிழ்ப் பெயர் வேண்டும். சிவப்பொளி பாய்ச்சினால் அருகிலுள்ள ஆக்சிஜனை ஒற்றைநிலை ஆக்சிஜனாக்கி (வினைத்திறன் மிகுந்த வடிவம் அது) அச்செல்லைக் கொன்றும்விடும். ஆங்கிலத்தில் உள்ளபடி 'ஃப்ளோரசென்ட் ப்ரோப்' என்றே விட மனமில்லை. 'உடனொளிர் துருவி' சரிதானா?
— கீழக்கரை

ஐயா, துருவி என்றால் தேங்காய்தான் நினைவுக்கு வரும். இதன் வேலை உளவு. வள்ளுவர் 59ஆம் அதிகாரத்தையே ஒற்றாடலுக்கு ஒதுக்கினார். ஒற்றுதல் என்பதில் வேவு பார்ப்பதும் உண்டு, மெல்லப் பதிவதும் உண்டு. ஒற்றடம் அதிலிருந்து வந்ததே. இலக்கணத்தில் மெய்யும் ஒற்றுதான். உயிர் சேர்ந்தால்தான் அது இயங்கும். இலக்குப் புரதத்தைச் சேரும்வரை ஒளிராத மூலக்கூறுகளும் அப்படித்தானே? 'ஒளியொற்றி' என்பேன்.
— தேவிபட்டினம்

ஒற்று அழகான வேர். ஆனால் தொண்டி முதல் தங்கச்சிமடம் வரை ஒத்தி என்றால் வீட்டு ஒத்திதான். அகராதியும் ஒற்றியை அடமானம் என்றே சொல்லும். வெறும் 'ஒளி'யும் போதாது. 1962இல் ஜப்பானிய வேதியியலாளர் ஷிமோமுரா ஆராய்ந்த ஜெல்லி மீனில் (நம்மூர்ச் சொறி) இரண்டு புரதங்கள். ஒன்று கால்சியம் சேர்ந்ததும் வேதிவினையால் நீலமாக ஒளிரும். மற்றது அந்த நீலத்தை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தரும். 2008 நோபல் பரிசு இந்தப் பச்சைப் புரதத்துக்குத்தான். வாங்கித் தருவதுதான் உடனொளிர்வு. 'உடன்' போனால் இந்த வேறுபாடே போய்விடும்.
— தொண்டி

வேர் ஆராய்ச்சி நிற்கட்டும். ஒளியால் புற்றைக் கொல்லும் மருந்தான ஃபோட்டோஃப்ரின் ஏற்றிய நோயாளி குறைந்தது 30 நாள் நேரடி வெயிலில் நிற்கக் கூடாது, தோல் வெந்துவிடும். எங்களிடம் மருத்துவத்துக்கு வருகிறவர்களோ கடலுக்குப் போகிறவர்கள், கருவாடு காயவைக்கும் பெண்கள். அவர்கள் மருந்துச் சீட்டில் ஒற்றியும் வேண்டாம், துருவியும் வேண்டாம். 'வெளிச்ச மருந்து, வெயில் ஆகாது' என்று எழுதினால் உயிர் பிழைப்பார்கள். பாடத்தில் 'ப்ரோப்' என்றே போடுங்கள்; ஆய்விதழ் படிக்கப்போகும் பிள்ளைகள் அவர்கள்.
— மண்டபம்

அம்மா, சீட்டுக்கு உங்கள் சொல்லே சரி. ஆனால் வகுப்பில் தமிழ் நுழையாவிட்டால் சீட்டு எழுதப்போகும் தலைமுறைக்கு அது எங்கிருந்து வரும்? துருவித் துருவிக் கேட்பது என்று எல்லாரும் சொல்கிறோமே, அந்தப் பொருள் போதாதா?
— தொண்டி

அச்சகம் காத்திருக்கிறது. பெரும்பாலோர் சம்மதத்தோடு 'உடனொளிர் துருவி' போகிறது. முதல் இடத்தில் மட்டும் ப்ரோப் என்று அடைப்புக்குள். கொல்லும் வேலைக்கு 'ஒளியுணர்வூட்டி' தனியே நிற்கும்.
— கீழக்கரை

எனக்குச் சம்மதமில்லை. காட்டுவதும் கொல்வதும் ஒரே மூலக்கூறு. அதை இரண்டு பெயராக உடைத்துவிட்டீர்கள். அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.
— தேவிபட்டினம்