சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் நத்தை வேகப் போராட்டம்: நடத்தியவர்கள் சொல்லும் விவரங்கள்

கால் டாக்ஸி ஓட்டுநர், குரோம்பேட்டை:

நத்தை வேகப் போராட்டம் என்றால் சாலையை மறிக்காமல், வண்டிகளை வரிசையாக மிக மெதுவாக ஓட்டிக் கோரிக்கையைக் காட்டுவது. ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூரிலிருந்து கத்திப்பாரா வரை 60 காரை 20 கிலோமீட்டர் வேகத்தில் சீராகக் கொண்டுபோவது சாதாரண வேலை இல்லை. முதலில் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கார் 4 மீட்டர், முன்னால் போகும் காருக்கு இடைவெளி 10 மீட்டர். ஒற்றை வரிசையில் 60 கார் நின்றால் 840 மீட்டர். அந்த வேகத்தில் ஓர் இடத்தைக் கடக்க இரண்டரை நிமிடம் பிடிக்கும். சிக்னலில் பச்சை 40 விநாடி எரிந்தால் 16 கார்தான் தாண்டும். ஆக, மொத்தக் கூட்டமும் ஒன்றாகவே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் முதல் சிக்னலிலேயே நாலு துண்டாகிவிடும்.

துண்டானால் என்ன ஆகும்? பின்னால் மாட்டியவர் விட்ட இடத்தைப் பிடிக்க 60, 70 என்று மிதித்து வருவார். முன்கூட்டம் 20இல் ஊர்ந்துகொண்டிருக்கும். இடிப்பது அங்கேதான். அதனால் தொடக்கத்திலேயே 15 கார் வீதம் நாலு அணியாகப் பிரித்துவிடுங்கள். அணிக்கு ஒரு முன்வண்டி, ஒரு கடைசி வண்டி. ஓர் அணி சிக்னலைத் தாண்டியதும் அடுத்த அணி வந்து சேரும்வரை 12, 15 என்று வேகத்தைக் குறைக்கலாம். நிற்கக் கூடாது. நகரும்வரைதான் அது பேரணி. நின்ற நொடியில் சாலை மறியல்.

முன்வண்டிக்காரர் ஸ்பீடோமீட்டர் முள்ளை நம்ப வேண்டாம், 20க்குக் கீழே அது சரியாகக் காட்டாது. போனில் மேப்பைத் திறந்து அதில் தெரியும் வேகத்தைப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் போனைப் பார்க்க வேண்டும், ஓட்டுபவர் இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டு வண்டி ஓட்ட முடியாது. நாலு முன்வண்டிக்கும் ஒரே கான்ஃபரன்ஸ் கால், வழி நெடுக துண்டிக்காமல்.

ஆட்டோ ஓட்டுநர், பல்லாவரம்:

எந்த லேனில் போவது என்று ஒவ்வொரு தடவையும் சண்டை வருகிறது. இடது ஓரம் என்பார்கள். ஜிஎஸ்டியில் அது சரிப்படாது அண்ணே. இடது ஓரத்தைப் பிடித்தால் மாநகரப் பேருந்து பல்லாவரம், குரோம்பேட்டை நிறுத்தங்களுக்கு ஒதுங்க முடியாது. நடு ரோட்டில் ஜனங்கள் இறங்குவார்கள். வயசானவர், குழந்தையைத் தூக்கியவர் எல்லாம் நம் வண்டிகளுக்கு நடுவே கடப்பார்கள். வலது ஓரத்தைப் பிடித்தால் ஆம்புலன்ஸுக்கு வழி போச்சு. மூன்று லேன் உள்ள இடத்தில் நடு லேன் ஒன்றுதான் நமக்கு. மதுரவாயல் பைபாஸில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே இடது லேன் போதும்.

108 வந்தால் ஆளாளுக்குத் தோன்றிய பக்கம் ஒதுங்கினால் வழி இன்னும் அடைபடும். எல்லா வண்டியும் இடது பக்கம் மட்டும் ஒதுங்க வேண்டும். கிளம்பும் முன் மைதானத்திலேயே இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். சைரன் முதலில் கேட்பது கடைசி வண்டிக்கு. அவர் போனில் சொன்னதும் முன்னாலிருந்து ஒதுங்கத் தொடங்க வேண்டும்.

வண்டியின் பாடு தனி. ஆட்டோ இன்ஜின் காற்றில் குளிர்வது. வெயிலில் முதல் கியரிலேயே ஒரு மணி நேரம் போனால் சூடேறி இழுவை குறையும். கார்க்காரர்கள் அரை கிளட்ச்சில் தவழ விட்டால் கருகிய வாடை முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். இடைவெளி விட்டு, கிளட்ச்சிலிருந்து காலை முழுதாக எடுத்து, வண்டியைத் தானாக உருள விடுங்கள். கயிறு ஒன்று, கேனில் 20 லிட்டர் தண்ணீர், ஸ்பேர் கிளட்ச் கேபிள் ஆகியவை கடைசி வண்டியில் இருக்கட்டும். படுத்த வண்டியை சர்வீஸ் ரோட்டுக்கு இழுத்துவிட்டு மற்றவை போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

கொடிக்கம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள். இடுக்கில் நுழையும் பைக் ஓட்டுபவர் முகத்தில்தான் குத்தும்.

டிரெய்லர் ஓட்டுநர், மாதவரம்:

ஆர்வத்தில் டிரெய்லரையும் வரிசையில் சேர்க்கிறார்கள். லோடு ஏற்றியது வேண்டவே வேண்டாம். டிரெய்லரின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. ஐடிலில் ஊர்ந்தபடி ஓயாமல் பிரேக் அழுத்தினால் கம்ப்ரஸர் ஏற்றும் காற்றைவிடச் செலவாகும் காற்று அதிகம். ஏர் இறங்கிவிட்டால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நடு ரோட்டில் வண்டி அசையாது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமலே மறியல் ஆகிவிடும்.

பைபாஸில் உயிருக்கு ஆபத்து வரிசையின் வாலில்தான். 80இல் வருகிறவன் விநாடிக்கு 22 மீட்டர் வருகிறான். மேம்பால இறக்கத்தில் திடீரென்று 20இல் போகும் வண்டியைப் பார்த்தால் லாரிக்காரனால் பிரேக் பிடித்து நிறுத்த முடியாது. கடைசி அணிக்கு 400 மீட்டர் பின்னால், இடது ஓரமாக, நாலு இண்டிகேட்டரும் எரிய ஒரு எச்சரிக்கை வண்டி வர வேண்டும். பின்கண்ணாடியில் ‘முன்னால் மெதுவாகச் செல்லும் வாகனங்கள்’ என்று எழுதி, சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். இருட்டிலும் மழையிலும் நடத்தவே கூடாது.

தொழிற்சங்க வழக்கறிஞர், சைதாப்பேட்டை:

சென்னை மாநகரக் காவல் சட்டம் 1888, பிரிவு 41இன்படி 5 நாளுக்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். நான் 15 நாள் என்பேன். மறுப்புக் கடிதம் கடைசி நாள் மாலையில் கைக்கு வந்தால் உயர் நீதிமன்றம் போக நேரமே இருக்காது. 2022 ஜனவரியிலிருந்து தாம்பரமும் ஆவடியும் தனித்தனி ஆணையரகங்கள். பெருங்களத்தூரில் கிளம்பி கத்திப்பாராவில் முடிப்பதானால் தாம்பரத்திலும் சென்னையிலும் தனித்தனியாக அனுமதி வாங்குங்கள். வழித்தடம், தொடங்கும் இடம், முடியும் இடம், நேரம், வண்டி எண்ணிக்கை, பொறுப்பாளர்களின் போன் எண், எந்த லேன், என்ன வேகம் என எல்லாவற்றையும் எழுதி, தபால் பிரிவில் தேதியோடு முத்திரை போட்ட நகலைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள்.

அனுமதி இல்லாமல் இறங்கினால் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து மாலையில் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் பலர் வருகிறார்கள். ஆளை விடுவார்கள், வண்டியை விடுவார்களா? டியூ கட்டும் வண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றால் தினக்கூலி போச்சு. பொதுவழியைத் தடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 285இன்படி 5,000 ரூபாய் வரை அபராதம். ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194இ: 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேசிய நெடுஞ்சாலையைப் போக்குவரத்துக்கு உதவாமல் ஆக்கினால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் பிரிவு 8பி-இன்படி சிறை 5 ஆண்டு வரை போகும். டெல்லி ஷாஹீன்பாக் சாலை மறியல் வழக்கில் 2020 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், போராடும் உரிமை உண்டு, ஆனால் பொதுவழியைக் காலவரையின்றி அடைக்க முடியாது என்றது. பிரிட்டனிலும் இதே கதைதான். 2022 ஜூலை 4 அன்று எரிபொருள் விலையை எதிர்த்து எம்4 நெடுஞ்சாலையில் ஊர்ந்தவர்களில் 12 பேர் மிக மெதுவாக ஓட்டியதற்காகவே கைதானார்கள்.

கால் டாக்ஸி ஓட்டுநர், குரோம்பேட்டை:

வக்கீல் சார் சொன்னதோடு நாளையும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலை ஊருக்குப் போகும் கூட்டம், திங்கள் விடிகாலை திரும்பும் கூட்டம், பண்டிகைக்கு முந்தைய நாள், பிளஸ் டூ தேர்வு நாட்கள் எல்லாம் தொடவே கூடாதவை. காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் முடித்துவிட வேண்டும். ஏர்போர்ட் போகிறவர் விமானத்தைத் தவறவிட்டால் நம் கோரிக்கையைக் காது கொடுத்துக் கேட்க மாட்டார். எதற்காகப் போராடுகிறோம் என்று மூன்று நாள் முன்பே சிக்னல்களில் துண்டு நோட்டீஸ் கொடுங்கள். பின்கண்ணாடியில் ஒரே கோரிக்கை, ஐந்தாறு சொல், எழுத்து ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் உயரம். பின்னால் ஊர்ந்து வருகிறவர் ஒரு மணி நேரம் அதைத்தான் பார்க்கப்போகிறார். நம்பர் பிளேட்டை மறைத்து எதையும் ஒட்டாதீர்கள்.

ஆட்டோ ஓட்டுநர், பல்லாவரம்:

முடிக்கும் இடத்தை யாரும் யோசிப்பதில்லை. முன்னால் போனவர்கள் ரோட்டோரம் நிறுத்திக் கோஷம் போட ஆரம்பித்தால் பின்னால் 800 மீட்டருக்கு வண்டி நின்றுவிடும். 60 வண்டி உள்ளே போகிற மைதானத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். வாசலில் ஒருவர் எண்ணிக்கை எடுக்கட்டும். எச்சரிக்கை வண்டியும் உள்ளே வந்து சேர்ந்த பிறகு மைக்கைக் கையில் எடுங்கள்.