அசை பிரிச்சு இங்கிலீஷ் படிச்ச அனுபவம் இருந்தா சொல்லுங்க

தங்கச்சிமடத்தான்:
இருபது வருசமா உறுத்துது. ஆறாப்புல ஆய்வாளர் வந்து என்னைய எழுப்பி வாசிக்கச் சொன்னாக. பெரிய சொல்லை வெட்டி வாசின்னு எங்க சார் பழக்கியிருந்தாக. வெட்டினேன். தீவுக்கான இங்கிலீஷ் சொல்லை "இஸ்-லேண்ட்"னு சத்தமா வாசிச்சேன். வகுப்பே சிரிச்சுது. ஆய்வாளர் சன்னல் வழியா கடலைக் காட்டி, "நீ நிக்கிறதே அதுலதான்டா"ன்னாக. அந்த எஸ்ஸை வாயால சொல்லக் கூடாதுன்னு எனக்கு அதுவரைக்கும் யாருமே சொல்லித் தரல.

கீழக்கரை உம்மா:
எம்மக புதன்கிழமைய இங்கிலீஷ்ல எழுதுனா டி-யை விட்டுருவா. நோட்டுல சிவப்பு வட்டம். நாடிக்குக் கீழ, மோவாய்க்கு அடியில கையை வச்சுச் சொல்லு, நாடி எத்தனை தடவை இறங்குதோ அத்தனை துண்டுன்னேன். வென்ஸ்-டே, ரெண்டு. கையை எடுக்காமலே, "எழுத்துல மட்டும் ஏம்மா மூணு?"ன்னு கேட்டா. பதில் சொல்ல முடியல. இப்ப வாய்க்கு வென்ஸ்-டே, எழுதுறப்ப மனசுக்குள்ள வெட்-நெஸ்-டே. அந்த வட்டம் திரும்ப வரல.

மண்டபம் தமிழாசிரியர் (ஓய்வு):
என் பேரன் மீன்பிடிப்பை "ஃபிஸ்-ஹிங்" என்று வெட்டினான். அம்மா, நாடியெல்லாம் எதற்கு? செய்யுளை நேர், நிரை என்று அசை பிரித்து அலகிடத் தெரிந்த பிள்ளைக்கு இது எளிது. எஸ்-எச் இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி, அதைப் பிளக்கக் கூடாது: ஃபிஷ்-இங். இரண்டு உயிரொலிக்கு நடுவே இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் நடுவில் வெட்டுங்கள்: பாஸ்-கெட், டின்-னர். ஒரே மெய் என்றால் முதலில் அதற்கு முன்னால் வெட்டிப் பாருங்கள்: டை-கர். கடைசியில் எல்-ஈ நின்றால் முன்னால் உள்ள மெய்யை அதோடு சேர்த்து விடுங்கள்: டே-பிள். தினமும் பத்துச் சொல், ஆறே மாதம்.

தொண்டி டியூஷன் டீச்சர்:
ஐயா, நிரையை வச்சு எண்ணுனா தப்பிப் போகும். நானே அப்படிச் சொல்லிக் குடுத்து மாட்டியிருக்கேன். கட்டுமரத்தை அலகிட்டா கட்-டும-ரம், மூணு அசை. அதே சொல் இங்கிலீஷுக்குப் போய் கேட்-அ-ம-ரேன், நாலு. வத்தைப் படகுக்காரர் மகன் ஒருத்தன் எந்திரிச்சு, "நம்ம 'டும'வை அவுக ஏன் டீச்சர் ரெண்டா வெட்டுறாக?"ன்னான். அன்னிக்குத்தான் எனக்கே உறைச்சுது. நமக்கு ரெண்டு குறில் சேர்ந்தா ஒரே நிரை. அங்க ஒவ்வொரு உயிரொலிக்கும் ஒரு துண்டு. அந்த உம்மா சொன்ன நாடிக் கணக்குத்தான் சரி.

தங்கச்சிமடத்தான்:
அக்கா, இப்பத்தான் நாடியில கையை வச்சுப் பார்த்தேன். ஐ-லண்டுக்கும் ரெண்டு, இஸ்-லேண்டுக்கும் ரெண்டு. அன்னிக்கு நான் வெட்டுன எண்ணிக்கை தப்பில்ல.