பழைய காருக்கு வீட்டிலேயே பிரேக் எயார் எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தலவாக்கலையிலிருந்து:

நானே தொடங்குகிறேன். என்னிடம் இருப்பது 1965ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த அப்பா விட்டுப்போனது. போன ஆடி மழையில் பின் சில்லுச் சிலிண்டர் ஒன்று கசிந்தது. அதை மாற்றிவிட்டேன். கழற்றும்போது பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது எயார் எடுக்க, எதற்குக் கராஜ் என்று நானே இறங்கிவிட்டேன்.

பெடலை மிதித்ததும் பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை இந்தக் காரில் பொனட்டுக்குள் தேடாதீர்கள். அது சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி, மூடித் தகட்டைக் கழற்றித்தான் ஒயில் ஊற்ற வேண்டும். சுற்றிலும் துடைக்காமல் மூடியைத் திறந்தால் அப்பா காலத்து மண் முழுவதும் உள்ளே போகும்.

மகள் பெடலில், நான் காருக்கு அடியில். சிலிண்டருக்குத் தூரமான சில்லில் தொடங்கி இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்று வந்தோம். காற்றை வெளியே விடுவதற்குச் சில்லுச் சிலிண்டரில் இருக்கும் சிறு திருகுதான் நிப்பிள். அதில் கண்ணாடிபோன்ற குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் விட்ட ஜாம் போத்தலுக்குள் அமிழ்த்தினேன். "அழுத்து" என்றதும் மிதிக்க வேண்டும். நான் நிப்பிளைத் திறந்து, திரும்ப இறுக்கி, "விடு" என்ற பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தினால் வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். இரண்டு முறை முந்தினாள். "நீங்கள் முணுமுணுத்தால் எனக்கு எப்படிக் கேட்கும், அப்பா?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

முதலில் பிளேன்டீ நிறத்தில் பழைய ஒயில் வந்தது. பிறகு நுரை, பிறகு குண்டூசித் தலையளவு குமிழிகள், கடைசியில் தெளிந்த ஒயில் மட்டும். ஆனால் பெடல் பாதிக்கு மேல் இறங்கி, இரண்டாவது மிதிக்குத்தான் நின்றது. அடுத்த ஞாயிறும் அதே கதை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு ஞாயிறும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த மாமா, தோட்டத்து லொறி ஓட்டியவர், அப்போதுதான் வாயைத் திறந்தார்: "ஷூவை இறுக்கினாயா, தம்பி?"

ஷூ என்பது சில்லோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் கட்டை. அதை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுவர ஒவ்வொரு முன் சில்லுக்கும் இரண்டு, பின் சில்லுக்கு ஒன்று என்று ஆறு அட்ஜஸ்டர்கள். ஒன்றையும் நான் தொடவில்லை. ஷூ டிரம்மை எட்டுவதற்கே பெடலின் பாதி ஓட்டம் செலவாகியிருக்கிறது. நானோ அதைக் காற்று என்று நம்பி ஒயிலைக் கொட்டிக்கொண்டிருந்தேன். சில்லு பூட்டிக்கொள்ளும்வரை இறுக்கி, தடையில்லாமல் சுற்றும் அளவுக்குச் சற்றே தளர்த்தினேன். பெடல் கல்லாக நின்றது.

நுவரெலியாவிலிருந்து:

ஒயிலைக் கொட்டியது வீணில்லை, அண்ணன். என் மைனரில் பல வருடம் பழைய ஒயிலோடு ஓடினேன். 1,868 மீற்றர் உயரத்திலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது, வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து, ஓரிடத்தில் பெடல் அப்படியே தரைக்குப் போய்விட்டது. இந்தக் கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே ஒரு ஒயில் இணைப்பு. அது போனால் நான்கு சில்லிலும் பிரேக் போகும். கம்பியில் இயங்கும் கைபிரேக்கும் இரண்டாம் கியரும்தான் காப்பாற்றின. முதல் கியரில் பல்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ இல்லாததால் ஓட்டத்தில் அதற்கு மாற்ற முடியவில்லை. தேயிலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, பிளாஸ்கிலிருந்த தேநீரைக் குடித்து முடித்தோம். பிரேக் ஆறியதும் பெடல் திரும்பி வந்தது!

பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். எங்கள் ஊர்ப் பனியில் ஈரத்துக்கா பஞ்சம்? டொட் 4 என்ற தரத்துப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் இல்லை. இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். திறந்துவைத்த மிச்சப் போத்தலைப் பாவிப்பதில்லை.

பண்டாரவளையிலிருந்து:

எனக்கு நிப்பிள் முறிந்தது. துருப்பிடித்ததை அவசரத்தில் திருகினேன், தலை கையோடு வந்துவிட்டது. புதுச் சிலிண்டர் வரும்வரை மூன்று வாரம் கார் கல்லின்மேல் நின்றது. போதாக்குறைக்கு மட்கார்டில் சிந்திய ஒயிலைத் துணியால் தேய்த்தேன். பெயின்டும் துணியோடு வந்தது. சிந்தியவுடன் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்.

தலவாக்கலையிலிருந்து:

முறிந்தது எந்தச் சில்லில்? என் இடது பின் நிப்பிளும் அசையவே இல்லை. முதல்நாள் இரவே துரு இளக்கும் ஒயில் விட்டு, மறுநாள் அறுகோண ரிங் ஸ்பேனரால் முதலில் இறுக்கும் பக்கம் மெல்லத் தட்டினேன். பிறகுதான் இளகியது.