யாசீன் 47-ஆம் ஆயத்தும் முஃதஸிலாக்களும்

சின்னத்தா: அஸ்ஸலாமு அலைக்கும். தெருக்கோடி வீட்டுக்காரருக்கு வாடகை பாக்கி ஏறிவிட்டதாம். நாம் ஏதாவது சேர்த்துக் கொடுக்கலாமா?

பெரியத்தா: வஅலைக்குமுஸ்ஸலாம். பார்க்கலாம். அவர் நஸீபு, விதி அப்படி. அல்லாஹ் நாடினால் மாறும்.

இர்ஃபான்: பெரியத்தா, கோபப்படாதீர்கள். குர்ஆனில் யாசீன் சூராவின் 47-ஆம் ஆயத்தை, வசனத்தைப் பாருங்கள். ஏழைகளுக்குச் செலவு செய்யச் சொன்னால், ‘அல்லாஹ் நாடியிருந்தால் அவனே உணவு கொடுத்திருப்பானே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்’ என்று நிராகரித்தவர்கள் கேட்டார்களாம்.

பெரியத்தா: அடப்பாவி, என்னை எந்தக் கூட்டத்தில் சேர்க்கிறாய்! இரண்டாயிரம் எழுதிக்கொள்.

மாமி: நானும் ஆயிரம். இதையெல்லாம் எங்கே படிக்கிறாய்?

இர்ஃபான்: முஃதஸிலாக்களைப் பற்றிப் படிக்கிறேன் மாமி. அறிவையும் நீதியையும் முன்னிறுத்திய பழைய இஸ்லாமியச் சிந்தனைக் கூட்டம். 8-ஆம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாஸில் இப்னு அதா தொடங்கியது. ‘எல்லாம் விதி’ என்பது அன்றைக்கு உமையா கலீபாக்களின் ஆட்சிக்கு வசதியான பேச்சு. நாங்கள் ஆள்வது அல்லாஹ்வின் நாட்டம், வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அல்லாஹ் நீதியாளன், அநியாயம் மனிதன் செய்வது, அவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள் இவர்கள். அநியாயம் கெட்டது என்பது வஹீ, அதாவது இறைச்செய்தி, வருவதற்கு முன்பே அறிவுக்கு எட்டும் என்றும் சொன்னார்கள். நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது அவர்களுடைய ஐந்து கொள்கைகளில் ஒன்று.

ஹஜ்ரத் மாமா: தம்பி, பாதியில் நிறுத்தாதே. இமாம் அஷ்அரி முதலில் முஃதஸிலாவாக இருந்து, வெளியே வந்து அவர்களை மறுத்தவர். தன் உஸ்தாத், முஃதஸிலா அறிஞர் ஜுப்பாயியிடம் மூன்று சகோதரர்களைப் பற்றிக் கேட்டதாகச் சொல்வார்கள். ஒருவன் நல்லவனாக மவுத்தானான், ஒருவன் கெட்டவனாக, ஒருவன் குழந்தையிலேயே. ‘என்னை வாழவிட்டிருந்தால் நானும் உயர்ந்த இடம் பெற்றிருப்பேனே’ என்று குழந்தை கேட்டால்? ‘வளர்ந்தால் பாவம் செய்வாய், உன் நன்மைக்காகவே எடுத்துக்கொண்டான்’ என்றார் ஜுப்பாயி. அப்படியானால் நரகத்தில் இருப்பவன் ‘என்னையும் சிறுவயதிலேயே எடுத்திருக்கக் கூடாதா’ என்பானே? உஸ்தாதிடம் பதில் இல்லை.

மாமி: யா அல்லாஹ்.

இர்ஃபான்: பலமான கேள்விதான் மாமா. ஆனால் ஜமக்ஷரி? அவரும் முஃதஸிலாதானே?

ஹஜ்ரத் மாமா: அரபு நயத்துக்கு அவருடைய குர்ஆன் விரிவுரை கஷ்ஷாஃபை விட்டால் வேறு எது? நாங்கள் மத்ரஸாவில் ஓதிய பைளாவியின் விரிவுரையே அதிலிருந்து நிறைய எடுத்ததுதான், கொள்கையை மட்டும் வடிகட்டிவிட்டு.

சின்னத்தா: அறிவு, நீதி என்று பேசியவர்கள் ஹதீஸ் அறிஞர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலை ஏன் அடித்தார்கள்?

இர்ஃபான்: குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி 833-இல் கலீபா மஃமூன் விசாரணையைத் தொடங்கினார். கசையடி அடுத்து வந்த முஃதஸிம் காலத்தில். முஃதஸிலா காஜி இப்னு அபீ துவாத் கூடவே இருந்தார். இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன் சின்னத்தா.

மாமி: அது சரி, அந்தக் குழந்தைக்கு அஷ்அரி சொன்ன பதில் என்ன?

ஹஜ்ரத் மாமா: அல்லாஹ் கொடுப்பது அருள், அவன்மேல் கடமை கிடையாது. அன்பியா சூரா 23: ‘அவன் செய்வதைப் பற்றி அவன் கேட்கப்பட மாட்டான், அவர்கள்தான் கேட்கப்படுவார்கள்.’

இர்ஃபான்: அந்த இரண்டாவது பாதிதான் மாமா, முஃதஸிலாக்கள் சொன்னதும்.

ஹஜ்ரத் மாமா: நீ முதல் பாதியையும் சேர்த்து ஓது. ஜும்ஆ முடிந்ததும் வீட்டுக்கு வா.