மகளுக்கு ஈசினோபில் 14 சதவீதம்: குடசப்பாலைப் பட்டைக் கஷாயம் கொடுக்கலாமா?

போடிமலர்:
வணக்கம். என் மகளுக்கு 9 வயது. இரண்டு மாதமாக விடிந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கை கால்களில் அவ்வப்போது தடிப்பு. இரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் என்ற வெள்ளணு வகை 14 சதவீதம் என்று வந்தது. அலர்ஜியாலும் ஏறும், வயிற்றுப் பூச்சியாலும் ஏறும் என்று சொன்ன மருத்துவர், தும்மலுக்கு மாத்திரை கொடுத்து மலப் பரிசோதனைக்கும் எழுதியிருக்கிறார். நான் இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் என் மாமியார் நாட்டு மருந்துக் கடையில் குடசப்பாலைப் பட்டைப் பொடியும் வாகைப் பட்டையும் வாங்கி வந்துவிட்டார். முதலாவது பூச்சிக்கு, மற்றது அலர்ஜிக்கு, இரண்டையும் சேர்த்துக் காய்ச்சிக் கொடுக்கலாம் என்கிறார். கைமருந்தில் அவர் தேர்ந்தவர், மறுத்துப் பேச மனம் வரவில்லை. கொடுக்கவும் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வக முதியவர்:
அம்மா, நான் மருத்துவர் இல்லை. 31 ஆண்டுகள் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். பட்டையை இப்போது கொடுக்க வேண்டாம். முதலில் மலப் பரிசோதனையை முடியுங்கள்.

லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடில் ஈசினோபிலை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மூக்குக் கண்ணாடி போல இரண்டு மடலாக உட்கரு, அதைச் சுற்றி நெருக்கமாகச் செம்மஞ்சள் மணிகள். திசுவுக்குள் நுழையும் புழுவை அரிக்கும் புரதங்கள் அந்த மணிகளில்தான் இருக்கின்றன. அலர்ஜி உள்ளவர்களுக்குத் தூசிக்கும் மகரந்தத்துக்கும் அதே செல்கள் படையெடுத்துவிடுகின்றன. உங்கள் மருத்துவர் இரண்டையும் சொன்னது அதனால்தான்.

இனி பட்டைக்கு வருகிறேன். குடசப்பாலையில் உள்ள முக்கியமான ஆல்கலாய்டு, அதாவது செடியிலுள்ள மருந்துப் பொருள், கொனெசின். அது வேலை செய்வது அமீபாவின் மேல். சீதபேதிக்கு நம் முன்னோர் இந்தப் பட்டையைக் கொடுத்தது வீணான வழக்கம் இல்லை. ஆனால் அமீபா ஒரே செல் கொண்ட உயிர், பொதுவாக அது ஈசினோபிலை ஏற்றுவதில்லை. 14 சதவீதம் வந்த குழந்தையிடம் நாங்கள் தேடுவது நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்டஸ் போன்ற புழுக்களை. எல்லாவற்றையும் 'பூச்சி' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் மருந்தும் ஒன்றே என்று தோன்றிவிடுகிறது. கொனெசினைத் தனியே பிரித்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த காலமும் உண்டு. தூக்கமின்மை, மனக்கலக்கம் போன்ற தொல்லைகள் வந்ததால் அதைக் கைவிட்டார்கள்.

வாகையைப் பற்றி உங்கள் மாமியார் சொல்வதில் பொருள் இருக்கிறது. அலர்ஜியில் தும்மலையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளை மாஸ்ட் செல்கள் கொட்டுவதை அந்தப் பட்டைச் சாறு தடுக்கிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அதை வைத்து 9 வயதுக் குழந்தைக்கு அளவு சொல்ல முடியாது.

மாதிரியை உலர்ந்த டப்பாவில், சிறுநீர் கலக்காமல் எடுத்து, அன்று காலையே கொண்டுபோங்கள். ஒரு கோடையில் முந்தின நாள் மலத்தை மறுநாள் மதியம் கொண்டுவந்தார்கள். அதற்குள் கொக்கிப்புழு முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. மலத்தில் குஞ்சாகவே தென்படுவது ஸ்ட்ராங்கிலாய்டஸ், அதனால் அந்தப் பெயரை எழுதவே கை போய்விட்டது. இன்னொன்று: ஒரு மாதிரியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி பார்ப்பது நல்லது.

தும்மலுக்கு யாராவது ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால், மலப் பரிசோதனை முடியவில்லை என்று கட்டாயம் சொல்லுங்கள். ஸ்ட்ராங்கிலாய்டஸ் உள்ள உடலில் ஸ்டீராய்டு போனால் புழு கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

பச்சிலைக்கடை:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மூலிகை விற்கிறது. குடசப்பாலை என்று கேட்டால் வெட்பாலைப் பட்டையைக் கொடுக்கும் இடங்கள் பல. வெட்பாலை இலையை எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் ஊதா நிறம் இறங்கும், தோல் நோய்க்குப் பூசுவார்கள். அது வேறு மரம். உண்மையான குடசப்பாலைப் பட்டை நாக்கில் வைத்தால் கசப்பு நெடுநேரம் நிற்கும். பொடியாக அரைத்துவிட்டால் எனக்கே அடையாளம் சொல்ல முடியாது. அதனால்தான் நான் பொடி விற்பதில்லை.

போடிமலர்:
எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "முதலில் பார்த்துவிட்டு வா" என்றார். முதல் மாதிரியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கொக்கிப்புழு முட்டை. மகள் தோட்டத்தில் செருப்பில்லாமல் சுற்றுவாள், மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாகவே அது ஏறும் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு வருத்தமாகிவிட்டது. புழு மருந்தான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் கொடுத்தார்.

ஆய்வக முதியவர்:
நல்லது அம்மா. ஈசினோபில் உடனே இறங்காது, சில வாரங்கள் ஆகும். அதன் பிறகும் விடியற்காலைத் தும்மல் நின்றபாடில்லை என்றால் அலர்ஜியும் கூடவே இருக்கிறது என்று கொள்ள வேண்டும். கொக்கிப்புழு குடலில் இரத்தம் உறிஞ்சும். அந்த அறிக்கையிலேயே ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள்.

போடிமலர்:
10.2 என்று இருக்கிறது. மருத்துவரும் அதைக் கவனித்து இரும்புச்சத்து டானிக் எழுதியிருக்கிறார். பட்டைப் பொட்டலங்களை மாமியாரே எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது வாசலில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.