நரம்புச் சிலந்தி, நத்தைக் காய்ச்சல்: தண்ணீரால் நோய் வந்த அனுபவம் உண்டா?

கிணற்றடி:
தாத்தாவின் கணுக்காலில் நரம்புச் சிலந்தி, அதாவது தோலுக்கு அடியில் வளர்ந்து வெளிவரும் நீளமான புழு, வந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எழுபதுகளின் தொடக்கம், தருமபுரிப் பக்கம். கொப்புளம் உடைந்த இடத்தில் எட்டிப்பார்த்த வெள்ளை நுனியை வைத்தியர் ஈர்க்குச்சியில் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். தினமும் காலையில் ஒரு சுற்று, அதற்கு மேல் கூடாது. அவசரப்பட்டு இழுத்து அறுத்துவிட்டால் கால் சீழ் பிடிக்கும். நனைந்த தையல் நூல் மாதிரி இருக்கும். அதைச் சுற்றும்போது தாத்தா எங்கள் யாரையும் பார்க்க மாட்டார், கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எரிச்சல் தாங்காமல் மாலையில் படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு உட்காருவார். இரண்டு படி தள்ளி அத்தை குடத்தை அமிழ்த்திக்கொண்டிருப்பாள். புழுவும் அதற்குத்தானே எரிச்சலைக் கொடுக்கிறது? கால் தண்ணீரில் பட்டதும் குஞ்சுகளைக் கொட்டும், அவற்றைச் சைக்ளாப்ஸ் என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்ப்பூச்சி தின்னும், சைக்ளாப்ஸைத் தண்ணீரோடு நாம் குடிப்போம். அடுத்த ஆண்டு அத்தைக்கு வந்தது.

தென்றல்:
அந்தக் காலத்தில் சுத்தம் பற்றிய அறிவு இல்லை. கலங்கிய தண்ணீரைக் குடித்தால் இப்படித்தான் ஆகும்.

ஏரிக்கரையான்:
தென்றல், கலங்கல் என்று அவர் எங்கே எழுதினார்? ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், கேப் மக்லியர் கரையில், கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு என் கால்விரல்களை எண்ணியிருக்கிறேன். நத்தைக் காய்ச்சல் வர குடிக்கவும் வேண்டாம், இறங்கினாலே போதும். நத்தையிலிருந்து வெளிவரும் குஞ்சுப்புழு தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். மலாவியின் பிளான்டயர் நகரில் வேலையில் இருந்தபோது குடும்பத்தோடு அடிக்கடி அங்கே போவோம். விடுதிக்காரர் "எங்கள் கரையில் நத்தையே கிடையாது" என்று சத்தியம் செய்தார். (எல்லா விடுதிக்காரர்களும் இதைத்தான் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்தது.)

சில மாதம் கழித்து விடுமுறைக்குச் சென்னை வந்திருந்தோம். குளியலறையிலிருந்து மகன் கூப்பிட்டான். சிறுநீரின் கடைசிச் சொட்டுகள் மட்டும் சிவப்பு. இங்கே ஒரு மருத்துவமனையில் கல்லாக இருக்கும் என்று ஸ்கேன் எடுத்தார்கள், கல் இல்லை. பிளான்டயர் திரும்பியதும் அங்குள்ள டாக்டர் நான் சொல்லி முடிக்கும் முன்பே "ஏரியில் குளித்தானா?" என்றார். நண்பகலை ஒட்டித்தான் முட்டை அதிகம் வெளியேறுமாம். அந்த நேரத்தில் வரச்சொல்லி, பையனைப் படியில் ஏறி இறங்க வைத்துவிட்டுச் சிறுநீர் எடுத்தார்கள். லேப்காரர் என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நீள்வட்ட முட்டை, ஒரு முனையில் மட்டும் கூரான முள். அந்த முள்தான் சிறுநீர்ப்பையைக் கீறுகிறது. பிராசிகுவாண்டல் மாத்திரையில் சரியாகிவிட்டது. லேப்காரர் சிரித்தபடி, மீனவக் கிராமங்களில் பையன்களுக்குச் சிவப்பாகப் போவது வயதுக்கு வந்த அடையாளம் என்று நினைத்த காலம் உண்டு என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்னை டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தியாவில் இந்த நோய் இருந்ததாகப் பேர்பெற்ற இடம் ரத்னகிரி மாவட்டத்தின் கிம்வி கிராமம் ஒன்றுதான். அவருக்கு எப்படித் தோன்றும்?

பெரியகுளத்தான்:
எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரை மகள் பள்ளி ஆய்வகத்தில் பார்த்தாள். சைக்ளாப்ஸ், ஒற்றைக் கண், வாலருகே இரண்டு முட்டைப் பைகள். வீடே அலறியது. அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். பதற வேண்டாம். சைக்ளாப்ஸ் வெறும் வண்டி, அதில் ஏற நம் ஊரில் இப்போது புழு இல்லை. அதற்காகத் தொட்டியைக் கழுவாமல் விடாதீர்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும், வழிந்தோடும் குழாய்க்கு வலை கட்டுங்கள், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சந்து போதும். குடிதண்ணீரை நெருக்கமான நெசவுத் துணியில் வடிகட்டுங்கள், பிறகு கொதிக்க வையுங்கள். சைக்ளாப்ஸையும் கொசுப்புழுவையும் கொல்லும் அபேட் மருந்தைக் கடையில் வாங்கி நீங்களே ஊற்றாதீர்கள், அளவு தெரிந்தவர்கள் ஊற்றட்டும். இன்னொன்று, வியட்நாமில் டெங்குவைக் கட்டுப்படுத்த தண்ணீர்த் தொட்டிகளில் சைக்ளாப்ஸின் உறவான மீசோசைக்ளாப்ஸை அவர்களே கொண்டுபோய் விட்டார்கள். அப்போதுதான் பொரித்த கொசுப்புழுவை அது பிடித்துத் தின்னும். ஆகவே நல்லது கெட்டது பார்த்துப் பேசுங்கள். நரம்புச் சிலந்தி ஒழிந்த கதை, அதைப் பற்றி இன்னும் என்ன பேச்சு?

பாலைவனத்தான்:
ஒழிந்த கதையா? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜோத்பூர் பக்கம் பணியில் இருந்தேன். அங்கே அதற்கு 'நாரு' என்று பெயர். எங்கள் முகாமுக்குப் பால் கொண்டுவருபவருக்குப் பாதத்தில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில். ஒட்டகத்திலிருந்து இறங்க முடியாமல் மேலிருந்தபடியே கேனை நீட்டுவார். சுகாதாரப் பணியாளர்கள் வடிகட்டும் துணி கொடுத்து, எப்போதும் ஒரே பக்கம்தான் மேலே இருக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். புரட்டிப் பிடித்தால் முதல் நாள் சிக்கிய சைக்ளாப்ஸ் அடுத்த நாள் பானைக்குள் போய்விடும். பெரியகுளத்தான் இவ்வளவு நீளமாக எழுதியும் இதைச் சொல்லவில்லை. இதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. துணியும், அபேட்டும், படிக்கிணற்றை மூடி வாளிக் கிணறு ஆக்கியதும்தான். இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில், அதே ஜோத்பூர் மாவட்டத்தில். உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000-இல்.

உலகத்தில் இன்னும் முடியவில்லை. 1986-இல் சுமார் 35 லட்சம் பேர், 2024-இல் 15 பேர். ஆனால் சாட் நாட்டில் புழு நாய்களுக்குள் போய்விட்டது. நாயைக் கட்டிப்போடச் சொல்கிறார்கள், நாய் தின்றுவிடாதபடி மீன் குடலைப் புதைக்கச் சொல்கிறார்கள். மனிதனிடம் துணியைக் கொடுக்கலாம், நாயிடம் என்ன கொடுப்பது?