அர்ஜென்டினா, சிலி பயணத்துக்கு ஸ்பெயின் நாட்டுக் கையேடு போதுமா?

பனிமலர் (கேள்வி)

வணக்கம். வரும் நவம்பரில் நானும் என் கணவரும் அர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் செல்லவிருக்கிறோம். புவேனோஸ் ஐரெஸ் நகரில் சில நாள் தங்கிவிட்டு, தெற்கே பட்டகோனியாவில் எல் கலஃபாத்தே, எல் சல்தேன் ஆகிய ஊர்களைப் பார்த்து, அங்கிருந்து பேருந்தில் எல்லையைக் கடந்து சிலியின் புவேர்த்தோ நத்தாலெஸுக்குப் போய், தோர்ரெஸ் தெல் பைனே தேசியப் பூங்காவில் நடைப்பயணம் செய்வதாகத் திட்டம். சுற்றுலாக் குழு எதிலும் சேரவில்லை. பயணச்சீட்டு, அறை, உணவு எல்லாவற்றையும் நாங்களே பேசிப் பெற வேண்டும்.

கையில் ஒரு ஸ்பானிஷ் சொற்றொடர்க் கையேடு இருக்கிறது. ஸ்பெயினுக்குப் போகும் ஆங்கிலேயர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது அதன் முன்னுரையிலேயே தெரிகிறது. தென் அமெரிக்க ஸ்பானிஷ் வேறு என்று பலரும் சொல்வதால், இதையே படிக்கலாமா, வேறு கையேடு தேட வேண்டுமா என்பது என் முதல் ஐயம். இலக்கணம் முழுவதும் கற்க அவகாசம் இல்லை. ஆகவே எவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும், எவற்றைக் கேட்டுப் புரிந்துகொண்டால் மட்டும் போதும் என்பதை அந்த நாடுகளில் இருந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். நாங்கள் இருவரும் முட்டையும் சேர்க்காத சைவ உணவுக்காரர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தென்சிலுவை (மறுமொழி)

வணக்கம் அம்மா. பணி நிமித்தம் புவேனோஸ் ஐரெஸில் வசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேறு கையேடு வாங்க வேண்டாம். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு இருப்பதையே திருத்துங்கள்.

முதலில் அடிக்க வேண்டியது 'கொஹேர்' என்ற வினைச்சொல்லை. ஸ்பெயினில் பேருந்து பிடிப்பது, டாக்சி எடுப்பது எல்லாவற்றுக்கும் அதுதான் அன்றாடச் சொல் என்பதால் போக்குவரத்துப் பகுதி முழுவதும் அது நிறைந்திருக்கும். அர்ஜென்டினாவில் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். அது வரும் இடமெல்லாம் 'தொமார்' என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தச் சொல் எந்த ஸ்பானிஷ் நாட்டிலும் தவறாகாது.

அடுத்து, முன்னிலைப் பெயர்கள். 'நீ' என்பதற்கு உங்கள் கையேடு 'தூ' என்று சொல்லும். அர்ஜென்டினாவில் 'வோஸ்' என்பார்கள். அதோடு வினைமுற்றும் மாறும். 'உனக்கு வேண்டுமா' என்பது அங்கே 'கியேரெஸ்' அல்ல, 'கெரேஸ்'. 'உன்னிடம் இருக்கிறதா' என்பது 'தியேனெஸ்' அல்ல, 'தெனேஸ்'. இது படிக்காதவர் வழக்கு என்று எண்ணிவிடக் கூடாது. பேராசிரியர்களும் செய்தி வாசிப்பவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். அந்நாட்டின் மொழிக் கழகமே 1982-இல் இதை முறையான வழக்காக ஏற்றுக்கொண்டது. ஆனால் நீங்கள் இந்த வடிவங்களைப் பேசப் பழக வேண்டிய தேவை இல்லை. 'தாங்கள்' என்ற பொருள் தரும் 'உஸ்தேத்' வடிவத்தில் உங்கள் கையேட்டில் உள்ள வாக்கியங்கள் ஸ்பெயின், அர்ஜென்டினா, சிலி மூன்றிலும் அப்படியே செல்லும். விடுதி, சீட்டு விற்கும் இடம், காவல் நிலையம் ஆகிய பகுதிகளில் பெரும்பாலும் அவைதாம் இருக்கும். அவற்றைப் பேசுங்கள், 'வோஸ்' வடிவங்களைக் காதுக்கு மட்டும் பழக்குங்கள், ஏனெனில் உங்களிடம் கேள்வி கேட்பவர் அப்படித்தான் கேட்பார். பன்மையில் வரும் 'வொசோத்ரோஸ்' வாக்கியங்களை முழுவதுமாகத் தள்ளிவிடலாம். அமெரிக்கக் கண்டத்தில் அந்த இடத்தில் 'உஸ்தேதெஸ்' மட்டுமே வழங்குகிறது.

ஒலியில் ஒரு பெரிய மாற்றம் உண்டு. கையேடு 'ய' என்று படிக்கச் சொல்லும் பல இடங்களில் புவேனோஸ் ஐரெஸ்காரர்கள் 'ஷ' என்பார்கள். தெரு 'காஷே', கோழி 'போஷோ', மழை 'ஷூவியா', நான் என்பது 'ஷோ'. இது தெரியாமல் போனால் புத்தகத்தில் படித்த சொல்லே காதில் விழும்போது புதிய சொல்லாகத் தோன்றும்.

சொற்களில் சமையலறையும் மூட்டைமுடிச்சும்தான் அதிகம் மாறும். உருளைக்கிழங்கு ஸ்பெயினில் 'பத்தாத்தா', இங்கே 'பாப்பா'. ஸ்ட்ராபெரி 'ஃப்ரேசா' அல்ல, 'ஃப்ருத்தீஷா'. வெண்ணெய்ப்பழம் 'பால்தா'. பழச்சாறு 'ஹூகோ'. நடைப்பயணம் போகிறவர்களுக்கு முக்கியமானது கூடாரம்: ஸ்பெயினில் அது 'தியென்தா', பட்டகோனியா முழுவதும் 'கார்ப்பா'. உங்கள் கையேட்டின்படி 'தியென்தா' எங்கே என்று கேட்டால் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள்.

எழுத்தாணி (மறுமொழி)

சென்னையில் ஸ்பானிஷ் கற்பிக்கிறேன். தென்சிலுவை அவர்கள் சொன்ன திருத்தங்கள் அனைத்தும் சரியே. அவற்றோடு நான் சேர்க்க விரும்புவது, கையேட்டில் ஆங்கில எழுத்தில் தரப்பட்டிருக்கும் உச்சரிப்புக் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு, உங்களுக்குத் தேவையான வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான். ஆங்கிலம் பேசுவோர் சிரமப்பட்டுக் கற்கும் பல ஒலிகள் நம்மிடம் பிறப்பிலேயே இருக்கின்றன. ஸ்பானிஷ் 'த' நம் 'த' போலவே நாக்கு பல்லைத் தொடும் ஒலி. அதை 'ட' ஆக்கும் ஆங்கிலப் பழக்கம் நமக்குத் தேவையில்லை. நாளை என்பதற்கான 'மஞானா'வில் வருவது நம் 'ஞ' தான். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் 'த', 'க' ஆகியவை மென்மையாவதும் இரு மொழிக்கும் பொது. ஏரிக்குரிய 'லாகோ'வை நாம் 'பாகம்' என்பதைச் சொல்வது போலச் சொன்னாலே போதும். வல்லொலியாகவே நிற்க வேண்டிய இடத்தில் மேலே நண்பர் செய்திருப்பது போல ஒற்றை இரட்டித்து எழுதுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழ் நாக்கு இடறும். மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை நாம் தன்னையறியாமல் மென்மையாக்கிவிடுவோம். 'பந்து' என்று எழுதியிருப்பதை யாரும் வன்மையாகப் படிப்பதில்லை. ஸ்பானிஷில் இது பொருளையே மாற்றிவிடும். 'குவான்த்தோ' என்றால் எவ்வளவு. 'குவாந்தோ' என்றால் எப்போது. அர்ஜென்டினாவில் விலை கேட்க 'குவான்த்தோ சாலே' என்பார்கள். 'குவாந்தோ சாலே' என்றால் 'எப்போது புறப்படும்' என்று பொருள். பேருந்து நிலையத்துச் சீட்டு முகப்பில் இரண்டு கேள்விகளுமே பொருந்தும் என்பதால், கட்டணத்தைக் கேட்டவருக்கு மணிக்கணக்கு பதிலாக வரும், இருவருக்கும் குழப்பம் எங்கே என்று தெரியாது. இந்த ஒரு சோடியைக் கணவரும் நீங்களும் மாறி மாறிச் சொல்லிப் பழகுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, எந்தச் சொற்றொடர்க் கையேட்டுக்கும் உள்ள அடிப்படைக் குறைக்கு வருகிறேன். அது கேள்வியைத் தருகிறது, பதிலைத் தருவதில்லை. நன்றாக உச்சரித்து 'பேருந்து நிலையம் எங்கே' என்று கேட்டால், மொழி தெரிந்தவர் என்று நம்பி எதிரே இருப்பவர் மூச்சுவிடாமல் விளக்கத் தொடங்குவார். எனவே பக்கம் பக்கமாகக் கேள்விகளை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், ஒரு சொல்லிலோ எண்ணிலோ பதில் முடியும்படியான சில கேள்விகளைத் தேர்ந்துகொண்டு, அவற்றுக்கு வரக்கூடிய பதில்களைப் பழகுவதே மேல். கையில் உள்ள வரைபடத்தைக் காட்டி 'இந்த வழியா' என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்களில் 'தெரேச்சோ' என்றால் நேராக, 'தெரேச்சா' என்றால் வலப்புறம். ஈற்றுயிரைக் காது பிடிக்க வேண்டும். தூரத்தை அங்கே 'குவாத்ரா' கணக்கில் சொல்வார்கள். இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட அந்தத் தொலைவு புவேனோஸ் ஐரெஸில் ஏறத்தாழ 100 மீட்டர். ஸ்பெயின் கையேட்டில் இச்சொல் பெரும்பாலும் இராது.

எண்களுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பல கையேடுகள் நூறோடு நின்றுவிடுகின்றன. அர்ஜென்டினா, சிலி இரு நாடுகளிலும் சாதாரணச் சாப்பாட்டின் விலையே ஆயிரங்களில் இருக்கும். 60 'செசென்த்தா', 70 'செத்தென்த்தா', 500 'கினியென்த்தோஸ்', 1000 'மில்'. ஒருவர் விலையை வேகமாகப் படிக்க மற்றவர் இலக்கத்தில் எழுத வேண்டும். எழுதிய எண்கள் தடுமாறாமல் வரும்வரை மற்ற பகுதிகளைத் தொட வேண்டாம். ஓய்வு நேரத்தில் அர்ஜென்டினா அரசு வானொலியான 'ராதியோ நாசியொனால்' ஒலிபரப்பை இணையத்தில் கேட்டால், அந்த 'ஷ' ஒலியும் பழகிவிடும்.

நீள்கரை (மறுமொழி)

சிலிப் பகுதியை நான் சொல்கிறேன், ஏனெனில் எல்லையைக் கடந்ததும் மேலே எழுதியவற்றில் சில தலைகீழாகும். அர்ஜென்டினாவில் 'கொலெக்தீவோ' என்றால் நகரப் பேருந்து, 'மீக்ரோ' என்றால் தொலைதூரப் பேருந்து. சிலியில் 'மீக்ரோ'தான் நகரப் பேருந்து. 'கொலெக்தீவோ' என்பது குறிப்பிட்ட வழியில் ஓடும் பங்கு டாக்சி. 'ஷ' ஒலி மறைந்து தெரு மறுபடியும் 'காயே' ஆகிவிடும். கேனரித் தீவுகளிலும் கியூபாவிலும் பேருந்தைக் குறிக்கும் 'குவாகுவா' என்ற சொல் உங்கள் கையேட்டில் எங்காவது இருந்தால், சிலியில் அது கைக்குழந்தை. கெச்சுவா மொழியிலிருந்து வந்த சொல்.

சிலி மக்கள் சொல்லின் இறுதியிலும் நடுவிலும் வரும் 'ஸ்' ஒலியை விட்டுவிடுவார்கள், அல்லது 'ஹ்' போல மூச்சாக விடுவார்கள். வாக்கியத்தின் முடிவில் 'போ' என்று ஓர் அசை வந்தால் அதற்குத் தனிப் பொருள் தேட வேண்டாம், அழுத்தத்துக்காகச் சேர்ப்பது. 'கச்சாய்' என்றால் 'புரிகிறதா', 'அல் தீரோ' என்றால் 'இப்போதே'. 'லூக்கா' என்றால் ஆயிரம் பெசோ. இது அர்ஜென்டினாவிலும் வழங்கும். ஏதாவது ஒரு சொல் எந்த நாட்டில் என்ன பொருள் தரும் என்ற ஐயம் வந்தால், ஸ்பானிஷ் மொழிக் கழகங்களின் சங்கம் 2010-இல் வெளியிட்ட அமெரிக்க வழக்குச் சொல்லகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் நாட்டின் பெயர் சுருக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

இன்னொரு செய்தி, மொழியைவிட அவசரமானது. சிலியின் எல்லைச் சாவடியில் வேளாண் துறையினர் பைகளைச் சோதிப்பார்கள். பழம், காய்கறி, விதை, தேன் ஆகியவற்றில் மிகவும் கண்டிப்பாக இருப்பார்கள். நம் ஊரிலிருந்து பருப்பு, தனியா, பொடி வகைகள் எடுத்துச் செல்வீர்கள் என்பதால் சொல்கிறேன்: படிவத்தில் உணவு இருக்கிறது என்றே குறிப்பிடுங்கள். அறிவித்த பொருள் அனுமதிக்கப்படாவிட்டால் அதை எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடும். அறிவிக்காமல் அகப்பட்டால் அபராதம் விதிப்பார்கள். 'சி, த்ராய்கோ கொமீதா', அதாவது 'ஆம், உணவு கொண்டுவருகிறேன்' என்ற வாக்கியத்தையும், விதைகளைக் குறிக்கும் 'செமீயாஸ்' என்ற சொல்லையும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

பனிமலர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எண்களையும் 'குவான்த்தோ', 'குவாந்தோ' சோடியையும் இன்றே தொடங்கிவிட்டோம். உணவு பற்றி மட்டும் இன்னும் தெளிவு வேண்டும். கையேட்டில் 'நான் சைவம்' என்ற ஒரு வாக்கியமும் 'சின் கார்னே', அதாவது 'இறைச்சி இல்லாமல்' என்ற சொல்லும் இருக்கின்றன. இவை போதுமா?

தென்சிலுவை

போதாது அம்மா. அர்ஜென்டினாவில் 'கார்னே' என்ற சொல் பேச்சில் பெரும்பாலும் மாட்டிறைச்சியையே குறிக்கும். 'சின் கார்னே' என்று கேட்டு வாங்கிய பண்டத்தில் கோழியோ பன்றித் தொடைக்கறியோ இருக்கலாம். பரிமாறியவர் உங்களை ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்தார். ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும்: 'நோ கோமோ கார்னே, நி போஷோ, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி உவேவோ'. இறைச்சி, கோழி, மீன், பன்றித் தொடைக்கறி, முட்டை எதுவும் உண்பதில்லை என்று பொருள். இதைப் பெரிய எழுத்தில் ஸ்பானிஷிலேயே ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால், சந்தடி மிகுந்த கடையில் சமையலறைக்கே அனுப்பிவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாமல் சேர்வது கொழுப்பு. ரொட்டிக்கடைப் பண்டங்கள் சிலவற்றிலும், உள்ளே பூரணம் வைத்து மடித்த எம்பனாதா என்ற பண்டத்தின் மாவிலும் 'க்ராசா' என்ற விலங்குக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. 'ஷேவா க்ராசா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வந்துவிடும். இங்கேதான் எல்லைக்கு இருபுறமும் பெரிய வேறுபாடு இருக்கிறது. அர்ஜென்டினாவில் 'மன்த்தேக்கா' என்றால் வெண்ணெய். நீங்கள் தாராளமாக உண்ணலாம். சிலியில் அதே சொல் விலங்குக் கொழுப்பைக் குறிக்கும். அங்கே வெண்ணெய்க்கு 'மன்த்தெக்கீயா' என்று பெயர்.

கவலைப்படும் அளவுக்குப் பஞ்சம் ஒன்றும் இல்லை. புவேனோஸ் ஐரெஸின் பழைய பீட்சாக் கடைகளில், ஜெனோவாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த 'ஃபைனா' கிடைக்கும். கொண்டைக்கடலை மாவைக் கரைத்துச் சுடுவது; நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். மாவைப் பற்றிக் கேட்டுவிட்டு, இளஞ்சோளம் வைத்த 'உமீத்தா' எம்பனாதாவையும் வாங்கலாம். அடுமனைப் பண்டங்களின் மேற்பூச்சில் முட்டை தடவுவது வழக்கம் என்பதால், 'ஷேவா உவேவோ?' என்பதை ஒவ்வொரு கடையிலும் கேளுங்கள். சிலிக்குள் நுழைந்ததும் அதே கேள்வியை 'யேவா' என்று தொடங்குங்கள்.